பல பிள்ளைகளைத் தாங்கும் தாய்ப்பலகை

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி, கணினி மன்றம்

முன்னுரை

‘அகல உழுவதிலும் ஆழ உழுவது மேல்’ என்பது நம் உழவர் பெருமக்கள் கண்ட அனுபவ மொழி. ஏர் பிடித்த கைகளுக்குச் சொன்ன இம்மொழி, இன்று கணினி வாங்கப் புறப்படுவோருக்கும் பொருந்துகின்றது என்றால் வியப்பாக இருக்கின்றதல்லவா? ஒரே கணினியில் இரண்டு, மூன்று கிராபிக்ஸ் கார்டுகளைப் பொருத்த விரும்புவோர் கடைக்குச் சென்றவுடன், ‘இந்த மதர்போர்டில் எத்தனை ஸ்லாட் இருக்கிறது?’ என்றே முதலில் கேட்கின்றனர். எண்ணிக்கை மிகுந்த பலகையே சிறந்த பலகை என்றும் எண்ணிவிடுகின்றனர். ஸ்லாட்டுகளை எண்ணுவது அகல உழுவது. அந்த ஸ்லாட்டுகளுக்குப் பின்னால் எத்தனை பாதைகள் ஓடுகின்றன என்று பார்ப்பதே ஆழ உழுவது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எங்களுக்கு எழுந்த தேவை

இந்த ஆராய்ச்சியில் நாங்கள் இறங்கியதற்குக் காரணம் உண்டு. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் நம் புதுவையின் பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து கடலில் விழுந்தது. அப்பாலத்தை முழு உருவில் கணினியிலே வரைந்து, ஐந்து நிமிடப் படமாக்கி, பள்ளி ஆண்டு விழாவில் காட்ட வேண்டும் என்பது எங்கள் கணினி மன்றத்தின் ஆசை. இதற்கு வேண்டிய ‘பிளெண்டர்’ என்னும் மென்பொருள் விலையின்றியே கிடைக்கின்றது. ஆனால் காலமோ விலையின்றிக் கிடைப்பதில்லை.

ஒரு வினாடிப் படத்திற்கு 24 சட்டங்கள் வேண்டும். ஐந்து நிமிடத்திற்கு 7,200 சட்டங்கள். ஒரு சட்டத்தை வரைந்து முடிக்க ஒரு கிராபிக்ஸ் கார்டுக்கு 2 நிமிடம் ஆகுமென்று வைத்துக்கொண்டால், மொத்தம் 14,400 நிமிடங்கள், அதாவது 240 மணி நேரம். இரவு பகல் ஓய்வின்றி ஓடினாலும் பத்து நாள்கள்! இரண்டு கார்டுகள் இருந்தால், ஒன்று ஒற்றைப்படைச் சட்டங்களையும் மற்றொன்று இரட்டைப்படைச் சட்டங்களையும் வரைய, ஐந்து நாள்களில் வேலை முடியும்.

முன்னாள் மாணவியரும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரும் மனமுவந்து தந்த தொகை எங்களிடம் இருந்தது. அது ஒரு கணினிக்குப் போதும். இரண்டாவது கணினிக்குப் போதாது. தவறான பலகையை வாங்கிவிட்டால் மாற்றிக்கொள்ள மறுபடியும் பணம் வாராது. ஆகவேதான், ‘முதலில் படியுங்கள், பிறகு வாங்குவோம்’ என்றார் எங்கள் சிஸ்டர்.

தாய்ப்பலகை என்பது யாது?

மதர்போர்டு என்பதைத் தமிழில் தாய்ப்பலகை என்கிறோம். பிராசசர், நினைவகம், வட்டு, கிராபிக்ஸ் கார்டு ஆகிய எல்லாப் பிள்ளைகளையும் தன்மேல் தாங்கி, அவர்களுக்குள் பேச்சுவார்த்தை நடக்க வழி செய்வதால் இப்பெயர் மிகவும் பொருத்தமானது. கிராபிக்ஸ் கார்டு பிராசசருடன் பேசும் வழிக்கு பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்று பெயர். 2003ஆம் ஆண்டு அறிமுகமான இம்முறையில், போவதற்கு இரண்டு கம்பிகளும் வருவதற்கு இரண்டு கம்பிகளும் சேர்ந்து ஒரு ‘பாதை’ ஆகும். இதைக் கடைக்காரர்கள் ‘லேன்’ என்பர். ஒரு ஸ்லாட்டிற்கு 1, 4, 8, 16 எனப் பாதைகள் அமையும்.

பாதைக்குத் தலைமுறையும் உண்டு. மூன்றாம் தலைமுறையில் ஒரு பாதை வழியே ஒரு திசையில் வினாடிக்கு ஏறத்தாழ 1 ஜிகாபைட் செல்லும்; நான்காம் தலைமுறையில் 2; ஐந்தாம் தலைமுறையில் 4. எனவே 16 பாதைகள் கொண்ட நான்காம் தலைமுறை ஸ்லாட் ஒன்று, வினாடிக்கு ஏறத்தாழ 32 ஜிகாபைட் அனுப்ப வல்லது. கார்டு ஒரு தலைமுறையாகவும் ஸ்லாட் மற்றொரு தலைமுறையாகவும் இருந்தால், இரண்டில் இளைத்தது எதுவோ அதன் வேகமே இருவருக்கும் வாய்க்கும்.

வாசல் அகலம், உள்ளே முடுக்கு

இப்போது முக்கியமான செய்திக்கு வருவோம். பாதைகளைத் தாய்ப்பலகை தானாகப் பெற்றெடுப்பதில்லை. பெரும்பாலானவை பிராசசரிலிருந்தே புறப்படுகின்றன. பிராசசரிடம் இருப்பதோ அளவானவை. இன்டெல் நிறுவனத்தின் 12, 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிப் பிராசசர்களில் கிராபிக்ஸுக்கென 16 பாதைகளும் வட்டுக்கென 4 பாதைகளும் உள்ளன. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசை மேசைப் பிராசசர்களில் கிராபிக்ஸுக்கு 16, வட்டு முதலியவற்றிற்கு 8, சிப்செட்டிற்கு 4 என மொத்தம் 28 பாதைகள் உள்ளன.

ஆகவே நீளமான ஸ்லாட்டுகள் மூன்று இருந்தாலும், கிராபிக்ஸுக்கு உரிய நேர்ப் பாதைகள் 16தான். இந்தப் பதினாறைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதில்தான் ஒரு தாய்ப்பலகைக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு.

நல்ல பலகை, ஒரே கார்டு இருக்கும்போது அதற்குப் பதினாறையும் தரும். இரண்டாவது கார்டு வந்ததும் எட்டு, எட்டு எனச் சமமாகப் பங்கிடும். இன்டெலின் இசட் 790 சிப்செட் இந்தப் பங்கீட்டிற்கு இடம் தருகின்றது. ஆனாலும் பலகை செய்யும் நிறுவனம் அதற்கான கம்பிகளைப் போட்டிருந்தால்தான் அது நடக்கும். பி 760 சிப்செட் இவ்வாறு பங்கிட இடம் தருவதில்லை. அத்தகைய பலகைகள் பலவற்றில் முதல் ஸ்லாட்டிற்குப் பதினாறும், பார்வைக்கு அதே நீளமுள்ள இரண்டாவது ஸ்லாட்டிற்கு சிப்செட் வழியாக நான்கும் மட்டுமே கிடைக்கும். வாசல் அகலம், உள்ளே நுழைந்தால் முடுக்கு!

சிப்செட் வழி என்பதற்கு நம் ஊரிலேயே உவமை காணலாம். நம் நகரின் கிழக்குப் பகுதியையும் மேற்குப் பகுதியையும் பெரிய வாய்க்கால் பிரிக்கின்றது. அங்குமிங்கும் வீதிகள் எத்தனை இருந்தாலும், அக்கரை செல்வோர் வாய்க்காலின் மேலுள்ள சில பாலங்களின் வழியேதான் செல்ல வேண்டும். சிப்செட்டிற்கும் பிராசசருக்கும் இடையிலுள்ள இணைப்பும் அத்தகைய பாலமே. பி 760 பலகையில் அப்பாலத்தின் அகலம் நான்காம் தலைமுறைப் பாதைகள் நான்கு. சிப்செட்டில் மாட்டிய வட்டு, வலைத்தொடர்பு, யு.எஸ்.பி. கருவிகள், இரண்டாவது கிராபிக்ஸ் கார்டு ஆகிய அனைத்தும் அதன்மேல்தான் நடக்க வேண்டும்.

பத்தொன்பது ஸ்லாட்டுகளின் கதை

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்குச் சிறந்த சான்று ஒன்று உண்டு. 2017ஆம் ஆண்டில் ஆசூஸ் நிறுவனம் ‘பி 250 மைனிங் எக்ஸ்பெர்ட்’ என்னும் தாய்ப்பலகையை வெளியிட்டது. அதில் 19 ஸ்லாட்டுகள் இருந்தன. அவற்றுள் 18, ஒற்றைப் பாதை ஸ்லாட்டுகள். அக்காலத்தில் மின்னணு நாணயங்களைக் கணக்கிட்டுப் பெறுவோருக்காகச் செய்யப்பட்டது அது. அந்த வேலையில் ஒவ்வொரு கார்டும் தன் கணக்கைத் தானே போட்டுக்கொண்டிருக்கும். பிராசசரிடம் எப்போதாவதுதான் பேசும். எனவே ஒற்றைப் பாதையே போதுமானதாக இருந்தது.

2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் கிராபிக்ஸ் கார்டுகளைச் சாராத முறைக்கு மாறியது. அதன்பின் அத்தகைய பலகைகளின் தேவை குறைந்தது. பழைய பொருள் சந்தையில் அவை மலிவாகக் கிடைக்கும்போது, ‘பத்தொன்பது ஸ்லாட்!’ என்று மயங்கி வாங்குவோர் என்ன வேலைக்கு வாங்குகிறோம் என்று ஒருமுறை சிந்திப்பது நலம்.

முதற்கேள்வி: வேலை எது?

ஆக, ‘எத்தனை பாதைகள் வேண்டும்?’ என்பதற்கு முன் ‘என்ன வேலை?’ என்று கேட்க வேண்டும். மூன்று வேலைகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, விளையாட்டு. இரண்டு கார்டுகளைச் சேர்த்து ஒரே விளையாட்டை ஓட்டும் வழியை 1998இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் தன் ‘வூடூ 2’ கார்டில் கொண்டுவந்தது. 2004இல் என்விடியா நிறுவனம் எஸ்.எல்.ஐ. என்ற பெயரில் அதனைப் புதுப்பித்தது. ஆனால் 2021 ஜனவரி முதல், பழைய முறையில் இயங்கும் எஸ்.எல்.ஐ.க்குப் புதிய விளையாட்டுகளைச் சேர்ப்பதை அந்நிறுவனமே நிறுத்திவிட்டது. ஆகவே விளையாட்டிற்காக இரண்டாவது கார்டு வாங்குவது பெரும்பாலும் வீண் செலவே. ‘படிப்பிற்கு’ என்று சொல்லி இரண்டு கார்டு கேட்கும் தம்பிமார்களின் பெற்றோர் இதனைக் குறித்துக்கொள்வார்களாக!

இரண்டாவது, படம் வரைதல். பிளெண்டரில் காட்சியின் பொருள்கள் அனைத்தும் முதலில் கார்டின் நினைவகத்திற்குச் செல்லும். பிறகு கார்டு தனியே அமர்ந்து வரையும். 12 ஜிகாபைட் நினைவகம் முழுவதையும் நிரப்ப, நான்காம் தலைமுறையின் 8 பாதைகளுக்கு முக்கால் வினாடி போதும். 4 பாதைகளுக்கு ஒன்றரை வினாடி. இரண்டு நிமிடம் வரையும் வேலையில் முக்கால் வினாடி ஒரு பொருட்டன்று. இங்கே மற்றொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 12 ஜிகாபைட் கார்டுகள் இரண்டைப் போட்டால் பொதுவாக அது 24 ஜிகாபைட் கார்டு ஆகிவிடாது. ஒவ்வொரு கார்டும் முழுக்காட்சியையும் தன்னுள் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, கணினிக்குப் பயிற்சி அளித்தல். எழுத்தைப் படிக்கவும் பேச்சை அறியவும் கணினியைப் பழக்கும்போது, இரண்டு கார்டுகளும் ஒவ்வோர் அடிக்கும் தாம் கற்றதை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ள வேண்டும். பத்துக் கோடி எண்களைக் கொண்ட ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். எண்ணுக்கு 4 பைட் வீதம், ஒவ்வோர் அடிக்கும் 400 மெகாபைட் இடம்பெயர வேண்டும். நான்காம் தலைமுறையின் 8 பாதைகளில் இதற்கு 0.025 வினாடி, மூன்றாம் தலைமுறையின் ஒற்றைப் பாதையில் 0.4 வினாடி. பதினாறு மடங்கு! இவ்வடிகள் ஆயிரக்கணக்கில் வரும்போது, கார்டுகள் வேலை செய்யும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரமே மிகுந்துவிடும். இவை காகிதக் கணக்குகளே. நடைமுறையில் இன்னும் சற்றுக் கூடும். ஆயினும் விகிதம் தெளிவாகின்றதன்றோ?

பெரியவர்கள் காட்டிய வழி

நம் நாட்டின் பெருங்கணினிகளின் வரலாறும் இதே பாடத்தைக் கற்பிக்கின்றது. அமெரிக்கா தன் பெருங்கணினியை நமக்குத் தர மறுத்த சூழலில், 1988ஆம் ஆண்டு புனேயில் சி-டாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. விஜய் பட்கர் தலைமையில் அது 1991இல் ‘பரம் 8000’ என்னும் கணினியை உருவாக்கியது. தனித்த ஒரு பெரும் பிராசசரை நம்பாமல், ‘டிரான்ஸ்பியூட்டர்’ என்னும் சிறு பிராசசர்கள் பலவற்றைச் சேர்த்துக் கட்டிய கணினி அது. ஒவ்வொரு டிரான்ஸ்பியூட்டருக்கும் அண்டை அயலாருடன் பேச நான்கு இணைப்புகள் இருந்தன. பல சிறியவை கூடி ஒரு பெரிய வேலையைச் செய்ய, அவற்றினிடையே நல்ல வழி வேண்டும் என்பதை அன்றே நம்மவர் உணர்ந்து செயல்பட்டனர்.

2020 நவம்பரில் சி-டாக்கின் ‘பரம் சித்தி ஏ.ஐ.’ உலகின் விரைவான 500 கணினிகளின் பட்டியலில் 63ஆம் இடம் பெற்றது. அதில் பயன்படும் என்விடியா டி.ஜி.எக்ஸ். ஏ 100 பெட்டி ஒவ்வொன்றிலும் எட்டுக் கிராபிக்ஸ் பிராசசர்கள் உள்ளன. அவை தமக்குள் பேசிக்கொள்ள ஆறு தனி இணைப்புச் சில்லுகள் அமைந்துள்ளன. நம் அண்டையிலுள்ள திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25ஆம் நாள் ‘பரம் பொருள்’ என்னும் 838 டெராஃபிளாப் கணினி திறந்துவைக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் புனே, டெல்லி, கொல்கத்தா ஆகிய நகரங்களில் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்ட ‘பரம் ருத்ரா’ கணினிகள், சி-டாக் இந்தியாவிலேயே வடிவமைத்த ‘ருத்ரா’ சர்வர்களைக் கொண்டவை. சர்வரின் தாய்ப்பலகையையும் நம் பொறியாளர்களே வரையும் காலம் வந்துவிட்டது என்பது நமக்குப் பெருமையன்றோ!

நான்கு கார்டுகளுக்கும் முழுமையாகப் பதினாறு வேண்டுவோருக்கு 64 பாதைகள் தேவை. அவர்கள் ஏ.எம்.டி. திரெட்ரிப்பர் புரோ 7000 (128 பாதைகள்), இன்டெல் ஜியான் டபிள்யூ 3400 (112 பாதைகள்) போன்ற வரிசைகளுக்குச் செல்ல வேண்டும். பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் அவை விரலுக்கு மிஞ்சிய வீக்கம்.

இடமும் வெப்பமும்

பாதை சரியாக இருந்தாலும் இடம் சரியாக இல்லாவிட்டால் பயனில்லை. பலகையில் ஸ்லாட்டுகள் அமையும் இடைவெளி 20.32 மில்லிமீட்டர், ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். இன்றைய கார்டுகள் பல, இரண்டு ஸ்லாட் தடிப்பும் சில மூன்றரை ஸ்லாட் தடிப்பும் உடையவை. முதல் நீள ஸ்லாட்டிலிருந்து இரண்டாவது நீள ஸ்லாட் இரண்டு இடம் மட்டுமே தள்ளி இருந்தால், இரண்டு தடித்த கார்டுகள் முதுகோடு முகம் ஒட்டி நிற்கும். மேல் கார்டின் விசிறி மூச்சுவிட இடமிராது. மூன்று இடம் தள்ளி இருந்தால் இடையில் 2 சென்டிமீட்டர் காற்றுவெளி கிடைக்கும். இரண்டாவது ஸ்லாட் மிகவும் கீழே இருந்தால் கார்டு கேபினெட்டின் அடியில் இடிக்கும். இதையும் அளந்து பார்க்க வேண்டும்.

நம் புதுவையின் கத்திரி வெயிலை அறியாதார் யார்? கடற்காற்றின் ஈரமும் உப்பும் உலோக முனைகளுக்குப் பகை. எனவே கணினியைக் கடலை நோக்கிய சன்னலருகே வைக்கலாகாது.

மின்சாரக் கணக்கு

ஒரு ஸ்லாட் தன் வழியே கார்டுக்கு 75 வாட் வரை மின்சாரம் தரும். மீதியை, கடைக்காரர்கள் எஸ்.எம்.பி.எஸ். என்று சொல்லும் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் மூலம் தர வேண்டும். ஆறு முனை வயர் 75 வாட், எட்டு முனை வயர் 150 வாட் தரும். நாங்கள் எண்ணிய ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு 170 வாட் கொள்ளும். இரண்டிற்கு 340, பிராசசருக்கு 125, மற்றவற்றிற்கு 75, ஆக 540 வாட். ஆகவே 750 வாட்டுக்குக் குறையாத தரமான எஸ்.எம்.பி.எஸ். வேண்டும். வீடுகளில் வைக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட் அளவே தாங்கும். இரண்டு கார்டுக் கணினிக்கு அது போதாது.

கடைக்குப் போகும் முன்

சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும் நம் ஊர்க் கடைக்குப் போனாலும் கீழ்க்காணும் ஐந்தையும் பார்த்துக்கொள்வது நன்று.

1. நிறுவனத்தின் இணையதளத்தில் அப்பலகையின் கையேடு கிடைக்கும். அதில் ஸ்லாட்டுகள் பற்றிய பக்கத்தில், இரண்டு கார்டு போட்டால் ‘எட்டு, எட்டு’ என்று பங்கிடுமா என்று பார்க்க வேண்டும்.

2. இரண்டாவது ஸ்லாட் பிராசசரிலிருந்து வருகின்றதா, சிப்செட்டிலிருந்து வருகின்றதா என்று பார்க்க வேண்டும்.

3. வட்டு மாட்டும் எம்.2 இடம் ஒன்றை நிரப்பினால் ஏதேனும் ஒரு ஸ்லாட் குறைகின்றதா, அணைந்துவிடுகின்றதா என்று அடிக்குறிப்பில் பார்க்க வேண்டும். சிறிய எழுத்தில்தான் பெரிய செய்தி இருக்கும்.

4. கார்டுக்கே எத்தனை பாதை என்று பார்க்க வேண்டும். ஆர்.டி.எக்ஸ். 4060 போன்றவை எட்டுப் பாதைகளையே பயன்படுத்துகின்றன. அவற்றிற்கு எட்டு, எட்டு என்ற பங்கீட்டால் இழப்பே இல்லை.

5. ஸ்லாட்டினுள் டார்ச் விளக்கு அடித்துப் பார்க்கலாம். பல பலகைகளில், பாதை குறைந்த நீள ஸ்லாட்டின் பின்பாதியில் உலோக முனைகளே இரா.

முடிவுரை

எங்களுக்கு ஒரு கடையில் காட்டப்பட்ட பலகையில் நீள ஸ்லாட்டுகள் மூன்று இருந்தன, விலையும் குறைவு. ‘மூன்று கார்டும் உட்காரும்’ என்றார்கள். உட்காரும் என்பது உண்மைதான். ஆனால் கையேட்டைப் பார்த்தபோது பதினாறு, நான்கு, ஒன்று என்றிருந்தது. எங்கள் துறைமுகப் பாலப் படத்திற்கு அதுவே போதும் என்றனர் மன்றத்தில் சிலர். மிச்சப் பணத்தில் யு.பி.எஸ். வாங்கலாம் என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள், தமிழ்க் கையெழுத்தைப் படிக்கக் கணினியைப் பழக்கும் திட்டம் ஒன்றை வைத்திருக்கின்றனர். கார்டை அடுத்த ஆண்டும் வாங்கலாம், யு.பி.எஸ்.ஸையும் மாற்றலாம். தாய்ப்பலகையை மாற்ற வேண்டுமானால் கணினி முழுவதையும் அவிழ்க்க வேண்டும்.

எனவே எட்டு, எட்டு எனப் பங்கிடும் பலகையும், இரண்டு கார்டைத் தாங்கும் எஸ்.எம்.பி.எஸ்., யு.பி.எஸ். இரண்டும், ஒரே ஒரு கார்டும் வாங்குவதென்று முடிவு செய்தோம். ஒரு கார்டால் ஆகக்கூடியது எவ்வளவோ அவ்வளவாக, எங்கள் படத்தையும் ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றாகக் குறைத்துக்கொண்டோம். இப்போது கணக்கு ஆறு நாள்கள். இரண்டாவது ஸ்லாட் காலியாகவே இருக்கும். நாங்கள் தேர்வெழுதி முடித்து இப்பள்ளியை விட்டுச் சென்றபின், எங்கள் தங்கைகள் அதில் தங்கள் கார்டைப் பொருத்துவார்கள். அன்று அதற்கு எட்டுப் பாதைகள் ஆயத்தமாக இருக்கும்.